மலிவு விலை வால்வு ப்ரீஆம்ப்பைச் செம்மைப்படுத்துவது: 6ஜே1 பலகைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உள்ளங்கை அகலத்தில் ஒரு சர்க்யூட் பலகை. அதன் மேல் சுண்டுவிரல் உயரத்தில் இரண்டு கண்ணாடி வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முன்பு ஒலியைப் பெருக்கிய வெற்றிடக் குழாய்கள்), அவற்றின் அடியில் வண்ண எல்இடி விளக்குகள், ஓரத்தில் ஒரு வால்யூம் திருகு. ‘6ஜே1 ப்ரீஆம்ப்’ (பாட்டு வரும் கருவிக்கும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில் நிற்கும் முன்பெருக்கி) என்ற பெயரில் சீனாவிலிருந்து வரும் இந்தப் பலகையைவிடக் குறைந்த செலவில் வால்வு ஒலியை வீட்டுக்குக் கொண்டுவர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இணைத்த முதல் நாளே இரண்டு விஷயங்கள் காதில் விழும். பாடகரின் குரலில் ஒரு கனிவு வந்திருக்கும். பாட்டு நின்றதும் பின்னாலிருந்து ஓர் உறுமலும் கேட்கும். கனிவைக் காப்பாற்றி உறுமலைப் போக்க வேண்டும்.

இந்தப் பலகையை வாங்கியவர்களில் பலர் அடுத்த வாரமே விலையுயர்ந்த வால்வையும் கெபாசிட்டரையும் தேடிப் போகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பலகையின் விலையைவிட அதிகம் கொடுத்து இரண்டு கெபாசிட்டர் வாங்கி மாற்றிய பிறகும் உறுமல் அப்படியே இருந்தது. காரணம் டிரான்ஸ்ஃபார்மர். அதைப் பலகையை ஒட்டியே வைத்திருந்தேன். ஓர் அடி தள்ளி வைத்ததும் பாதி உறுமல் போய்விட்டது, அதற்குச் செலவே இல்லை. அன்றிலிருந்து நான் மாற்றாத வரிசை இது: முதலில் மின்சாரம், பிறகு எர்த், பிறகு கெயின் (சிக்னல் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது), பிறகு வால்யூம் கண்ட்ரோல். கெபாசிட்டரும் வால்வும் கடைசியில்தான்.

வால்வைப் பற்றிக் கொஞ்சம்

6ஜே1 இசைக்காகப் பிறந்த வால்வு அன்று. இதன் மூல வடிவம் அமெரிக்காவின் 6ஏகே5. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உயர் அதிர்வெண் ரிசீவர்களுக்காக உருவான சின்ன பென்டோடு, அதாவது உள்ளே ஐந்து மின்முனைகள் கொண்ட வால்வு. ஐரோப்பாவில் இதற்கு ஈஎஃப்95 என்று பெயர். உறுதிப்படுத்திய அமெரிக்க வடிவம் 5654. சோவியத் நாட்டிலும் சீனாவிலும் இதன் இணைகள் பெருமளவில் தயாராயின. பிறப்பைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மிக உயர்ந்த அதிர்வெண்ணிலும் துடிப்பாக வேலை செய்யக்கூடிய வால்வு இது. கவனிக்காமல் விட்டால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே ஊசலாடத் தொடங்கிவிடும். அதற்கான மருந்தைப் பின்னால் சொல்கிறேன்.

கால்களின் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டை அடியிலிருந்து பார்த்தபடி, கால்களுக்கு நடுவே அகலமான இடைவெளி உள்ள இடத்திலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். 1 கிரிட் (சிக்னல் நுழையும் முனை). 2, 7 கேத்தோடு (எலக்ட்ரான்கள் புறப்படும் முனை). 3, 4 ஹீட்டர் (கேத்தோடைச் சூடாக்கும் இழை). 5 பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் முனை). 6 ஸ்கிரீன் (கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவிலுள்ள துணை கிரிட்).

தேவையானவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், நல்ல ஈயம், ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல். ரெசிஸ்டர்களில் 470 ஓம், 1 கிலோ ஓம் தலா இரண்டு, 470 கிலோ ஓம் நான்கு, மெட்டல் ஃபிலிம் வகையில். 470 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இரண்டு. 50 கிலோ ஓம் லாக் வகை இரட்டை வால்யூம் கண்ட்ரோல் ஒன்று. ஷீல்டு வயர் ஒரு மீட்டர். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைத்துவிடும்.

எதையும் தொடுவதற்கு முன்

பலகையை வந்தபடியே ஓட்டி அளவெடுங்கள். மின்சாரம் 12 வோல்ட் ஏசியாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் 12 வோல்ட் அடாப்டர் அநேகமாக டிசி. இந்தப் பலகை ஏசியை வாங்கி, டயோடு வழியாக இரட்டித்து, வால்வுக்குத் தேவையான உயர் வோல்டேஜைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. டிசி கொடுத்தால் அந்த இரட்டிப்பு நடக்காது.

கணக்கு எளிது. 12 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 17. டயோடில் 0.7 கழிந்து, இரட்டித்தால் ஏறக்குறைய 32 வோல்ட் டிசி. சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் சுமை குறைவாக இருக்கும்போது எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே தரும் என்பதால் மீட்டரில் இன்னும் சற்று உயர்வாகத் தெரியலாம். முதலில் இந்த வோல்டேஜ், அடுத்து ஒவ்வொரு வால்வின் 5ஆம் காலில் உள்ள வோல்டேஜ், கடைசியாக 3க்கும் 4க்கும் இடையிலான ஹீட்டர் வோல்டேஜ் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். 5ஆம் காலின் வோல்டேஜ் மொத்த வோல்டேஜில் ஏறக்குறைய பாதியில் நின்றால் வால்வு நிம்மதியாக இருக்கிறது. மொத்த வோல்டேஜுக்கு மிக அருகில் நின்றால் வால்வில் மின்னோட்டமே போதவில்லை. கேத்தோடு ரெசிஸ்டரின் மதிப்பைக் குறைத்துப் பார்க்க வேண்டும். இடது வலது வால்வுகளுக்குள் பெரிய வேறுபாடு தெரிந்தால் வால்வுகளை இடம் மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். குறை வால்வோடு நகர்ந்தால் வால்வு பழுது. அதே பக்கத்தில் நின்றால் பலகையில் ஈயப்பற்று சரியில்லை.

கெயினையும் இப்போதே அளந்துவிடலாம். கைபேசியில் 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, வால்யூமை முழுதும் திறந்து, உள்ளே போகும் ஏசி வோல்டேஜையும் வெளியே வருவதையும் மீட்டரில் பாருங்கள். வெளியே வருவதை உள்ளே போவதால் வகுத்தால் கெயின். 200 ஹெர்ட்ஸ் சொல்வதற்குக் காரணம், சாதாரண மல்டிமீட்டர்கள் அதற்கு மேல் போகப் போக ஏசியைச் சரியாகக் காட்டுவதில்லை.

முதல் படி: டிரான்ஸ்ஃபார்மர்

இந்த முழு வேலையிலும் உயிருக்கு ஆபத்தான இடம் இது ஒன்றுதான். பலகையில் ஓடுவது 30 வோல்ட் அளவில். டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கத்தில் இருப்பதோ 230 வோல்ட். அந்தப் பக்கத்தின் இணைப்பு எதுவும் வெளியே தெரியக்கூடாது. 250 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை லைன் வயரில் போட்டு, டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாக ஒரு மூடிய பெட்டியில் வையுங்கள். அதிலிருந்து 12 வோல்ட் ஏசி மட்டும் ஒரு மீட்டர் வயரில் ப்ரீஆம்ப்புக்கு வரட்டும். வயரிங்கில் பழக்கம் இல்லாதவர்கள் 12 வோல்ட் ஏசி தரும் ஆயத்த அடாப்டரையே வாங்கிக்கொள்ளலாம். அதில் இந்தக் கவலை இல்லை. கடையில் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர்தான் கிடைத்தது என்றால் நடு முனையையும் ஒரு 12 முனையையும் மட்டும் எடுத்து, மிச்ச முனைக்கு உறை போட்டுவிடுங்கள். 1 ஆம்பியர் தாராளம்.

ஒரே பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் குறைந்தது 15 சென்டிமீட்டர் தூரம் விடுங்கள். திருகி இறுக்குவதற்கு முன் ஒலியைக் கேட்டபடி டிரான்ஸ்ஃபார்மரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் உறுமல் சட்டென்று அடங்கும். அந்தக் கோணத்தில் இறுக்குங்கள்.

இரண்டாம் படி: ஹீட்டர்

6ஜே1 ஹீட்டருக்கு 6.3 வோல்ட், 175 மில்லி ஆம்பியர் வேண்டும். இரண்டு வால்வுகளின் ஹீட்டரும் தொடராக இணைந்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்து 12.6 வோல்ட். ஒவ்வொன்றும் 5.7க்கும் 6.9க்கும் இடையில் இருந்தால் பயமில்லை. நம் ஊரில் இரவு நேரத்தில் மின்சாரம் 230ஐத் தாண்டி ஏறும் வீடுகள் உண்டு, அந்த நேரத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்து 14 வோல்ட் காட்டினால் 1.4 வோல்ட்டைக் கழிக்க வேண்டும். 1.4ஐ 0.175ஆல் வகுத்தால் 8 ஓம். 8.2 ஓம், 1 வாட் ரெசிஸ்டரை ஹீட்டர் வழியில் தொடராகப் போட்டால் வேலை முடிந்தது. வால்வின் ஆயுளைக் கூட்ட இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ஹீட்டருக்கு ஏசி ஓடும் பலகைகளில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் அங்கிருந்து கசியலாம். டிசியாக மாற்ற ஆசை வரும். மாற்றுங்கள், ஆனால் ஓர் எச்சரிக்கை. டிரான்ஸ்ஃபார்மரின் அதே 12 வோல்ட் சுருளிலிருந்து ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர் (நான்கு டயோடுகளால் ஏசியை டிசியாக்கும் பாகம்) போட்டு, அதன் மைனஸைப் பலகையின் எர்த்தோடு (சிக்னலுக்குப் பொதுவான பூஜ்ய வோல்ட் புள்ளி) சேர்த்துவிடாதீர்கள். வோல்டேஜை இரட்டிக்கும் சுற்றில் சுருளின் ஒரு முனையே எர்த்தாக இருக்கக்கூடும். பிரிட்ஜின் மைனஸும் எர்த்தில் சேர்ந்தால் ஒரு டயோடு வழியாகச் சுருளே ஷார்ட் ஆகும், டயோடும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறிக் கருகும். ஹீட்டருக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் டிசி அடாப்டரை வைப்பதே பாதுகாப்பான வழி. பலகையில் ஹீட்டருக்குப் போகும் பழைய தடங்களை வெட்டிவிட்டு, இரண்டு வயர்களை நெருக்கமாக முறுக்கிக் கொண்டுபோய் நேராகச் சாக்கெட்டில் இணைக்க வேண்டும்.

வால்வின் அடியில் இருக்கும் எல்இடிகளை இந்தச் சமயத்திலேயே கழற்றிவிடுங்கள். ஒலிக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அவை போன பிறகுதான் ஹீட்டரின் உண்மையான சிறிய செந்நிற ஒளி தெரியும். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

மூன்றாம் படி: வோல்டேஜை வடிகட்டுவது

செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பலன் தருவது இதுதான். பிளேட்டுக்குப் போகும் வோல்டேஜ் பலகையில் போதிய வடிகட்டல் இல்லாமல் போகிறது. இரட்டித்த வோல்டேஜைத் தேக்கும் கெபாசிட்டரிலிருந்து, 5ஆம் காலோடு சேரும் பிளேட் ரெசிஸ்டருக்குப் போகும் செம்புத் தடத்தைக் கண்டுபிடித்து, கத்தி முனையால் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் 470 ஓம் ரெசிஸ்டரைப் பாலமாகப் போடுங்கள். அதன் பிளேட் பக்க முனையிலிருந்து பலகையின் எர்த்துக்கு 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், பிளஸ் முனை பிளேட் பக்கம்.

50 ஹெர்ட்ஸில் அந்தக் கெபாசிட்டரின் தடை 7 ஓமுக்கும் குறைவு. 470 ஓமை அதனோடு ஒப்பிட்டால் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்காகச் சுருங்கும். 2 மில்லி ஆம்பியர் ஓடும் வால்வுக்கு இதனால் இழப்பது ஒரு வோல்ட்கூட இல்லை. இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக இந்த வடிகட்டியைப் போட்டால், மின்வழியாக ஒரு பக்கத்து ஒலி மறுபக்கம் கசிவதும் குறையும். அதனால்தான் இவற்றில் இரண்டிரண்டு வாங்கச் சொன்னேன்.

சில பலகைகளில் கேத்தோடு ரெசிஸ்டர் எர்த்துக்குப் போகாமல் மைனஸ் வோல்டேஜுக்குப் போகும். மீட்டரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் அந்த வழியிலும் இதே வடிகட்டி வேண்டும், கெபாசிட்டரைத் திசை மாற்றி.

30 வோல்ட் போதாது, நூறுக்கு மேல் ஏற்றினால்தான் வால்வு வால்வாக ஒலிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. இந்தப் பலகையில் அதைச் செய்யாதீர்கள். இதிலுள்ள கெபாசிட்டர்கள் அந்த வோல்டேஜுக்கானவை அல்ல. பவர் ஆம்ப்புக்கு நாம் அனுப்ப வேண்டியது பெரும்பாலும் 1 வோல்ட் அளவில்தான். மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையில் 2.8 வோல்ட் ஆட்டம். 30 வோல்ட் வழங்கலுக்குள் அதற்கு இடம் இருக்கிறது. உயர் வோல்டேஜ் ஒலிதான் வேண்டும் என்பவர் அதற்கென்றே வடிவமைத்த வேறு ப்ரீஆம்ப்பை வாங்குவது நல்லது.

நான்காம் படி: எர்த்தும் பெட்டியும்

மீதி உறுமலைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள். அப்போதும் அதே அளவில் உறுமினால் குற்றம் வால்யூமுக்குப் பின்னால், அதாவது மின்சாரத்திலோ ஹீட்டரிலோ. வால்யூமைத் திறக்கத் திறக்க உறுமல் ஏறினால் அது உள்ளே வரும் வயரிலிருந்து வருகிறது. அடுத்ததாக ஓர் ஆர்சிஏ பிளக்கின் (ஆடியோ வயரின் முனையில் இருக்கும் வட்டப் பிளக்) நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஒன்றாகச் சேர்த்து, பாட்டு வரும் வயருக்குப் பதில் அதைச் செருகுங்கள். உறுமல் நின்றால் பலகையில் பிழையில்லை. கம்ப்யூட்டரோ செட்டாப் பெட்டியோ வேறொரு வழியில் எர்த்தைத் தொட்டு, எர்த் வழியை ஒரு சுற்றாக மூடி உறுமலை உண்டாக்குகிறது. லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பார்த்தாலே பல வீடுகளில் விடை கிடைத்துவிடும்.

உலோகப் பெட்டியில் வைப்பது நல்லது. சிக்னலின் எர்த், உள்ளே வரும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பெட்டியைத் தொட வேண்டும். ஆர்சிஏ சாக்கெட்டுகள் பெட்டியைத் தொடாதபடி பிளாஸ்டிக் வளையத்தோடு வருபவையாக வாங்குங்கள். 230 வோல்ட் பெட்டிக்குள் வருகிறது என்றால், மூன்று முள் பிளக்கின் எர்த் வயர் பெட்டியின் உலோகத்தில் திருகி இறுக்கப்பட்டே ஆக வேண்டும். உறுமல் குறையும் என்று அந்த வயரைக் கழற்றிவிடச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஐந்தாம் படி: கெயினைக் குறைப்பது

சிடி பிளேயரும் பெரும்பாலான டிஏசிகளும் (டிஜிட்டல் இசையை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவிகள்) முழு அளவில் 2 வோல்ட் தருகின்றன. பவர் ஆம்ப் கேட்பது அதைவிடக் குறைவாகவே இருக்கலாம். இதற்கு நடுவில் ஐந்து மடங்கு பெருக்கும் ஒரு வால்வு வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? திருகை எட்டு மணி, ஒன்பது மணி நிலைக்கு மேல் திருப்பவே முடியாது. மலிவான வால்யூம் கண்ட்ரோல்கள் மிக மோசமாக வேலை செய்யும் இடம் அதுதான். இடது பக்கம் ஓங்கி வலது பக்கம் ஒடுங்கும். போதாததற்கு, திருகு வால்வுக்கு முன்னால் இருப்பதால் வால்வின் சொந்தச் சீற்றம் குறையாமல் அப்படியே வெளியே வரும்.

கேத்தோடு ரெசிஸ்டருக்கு இணையாக ஓர் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் ஒரு காலை மட்டும் தூக்கிவிடுங்கள். வால்வு தன் ஆட்டத்தைத் தானே கட்டுப்படுத்தத் தொடங்கும். கெயின் இறங்கும், சிதைவும் குறையும். வெளியீட்டுத் தடை சற்று ஏறுவது இதன் விலை, எனவே பவர் ஆம்ப்புக்குப் போகும் வயரை ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒலி மங்கலாகப் பட்டால் காலை மறுபடி பற்றவைத்துவிடலாம். எனக்கு இதுவரை அப்படித் தோன்றவில்லை. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து உச்சத்துக்கு ஏறும் இடத்தில் முன்பு கேட்ட கரகரப்பு இந்த ஒரே மாற்றத்தில் மறைந்தது.

ஆறாம் படி: வால்யூம் கண்ட்ரோலும் இரண்டு ரெசிஸ்டர்களும்

பழைய திருகின் மேல் ‘பி50கே’ என்று இருந்தால் அது நேர்கோட்டு வகை, சிறிது திருப்பினாலே ஒலி பாய்ந்துவிடும். ‘ஏ50கே’ லாக் வகை, காதுக்கு ஏற்றது. ஆல்ப்ஸ் ஆர்கே27 நல்ல தேர்வு, ஆனால் போலிகளும் நடமாடுகின்றன. வாங்கியதும் ஒன்பது மணி நிலையில் வைத்து, நடு முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே இரண்டு பக்கத்தின் ஓமையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒன்று மற்றதைவிட 1.2 மடங்கு இருந்தால்கூட 1.6 டெசிபல் வேறுபாடு. பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்துவிடுவார். அதன் கால்கள் பலகையின் துளைகளில் உட்காராது. ஷீல்டு வயர் வைத்து இழுங்கள்.

அதோடு, ஒவ்வொரு சாக்கெட்டின் 1ஆம் காலிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் காலை ஒட்டியே தொடராகப் பற்றவையுங்கள். முதலில் சொன்ன ஊசலாட்டத்துக்கு இதுதான் மருந்து. இந்த ரெசிஸ்டரின் வால்யூம் பக்க முனையிலிருந்து எர்த்துக்கு 470 கிலோ ஓம் ஒன்று. நாளடைவில் திருகில் தூசி ஏறி நடு முனை ஒரு கணம் தொடர்பு இழந்தாலும் கிரிட் அந்தரத்தில் தொங்காது, ‘கர்’ என்ற ஓசை ஸ்பீக்கரை அறையாது.

ஏழாம் படி: வெளியீட்டுக் கெபாசிட்டர்

இப்போதுதான் இதற்கு முறை வருகிறது. பலகையில் எலக்ட்ரோலிட்டிக் இருந்தால் பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் வகைக்கு மாறுங்கள். மதிப்பை உங்கள் பவர் ஆம்ப் தீர்மானிக்கும். அதன் உள்ளீட்டுத் தடை 47 கிலோ ஓம் என்றால் 1 மைக்ரோஃபாரட் 3.4 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். தாராளம். தடை 10 கிலோ ஓம் மட்டுமே என்றால் அதே கெபாசிட்டர் 16 ஹெர்ட்ஸிலேயே தளரத் தொடங்கும், 0.47 போட்டால் 34 ஹெர்ட்ஸில். அப்படிப்பட்ட ஆம்ப்புக்கு 2.2 மைக்ரோஃபாரட் வேண்டும், 7 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 63 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்குபவையாக வாங்குங்கள். விமா போன்ற நல்ல நிறுவனத்தின் சாதாரண ஃபிலிம் கெபாசிட்டருக்கு மேல் செலவழிக்க நான் காரணம் காணவில்லை.

கெபாசிட்டரின் வெளி முனையிலிருந்து எர்த்துக்கு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஏற்கனவே இல்லாவிட்டால் சேர்த்துவிடுங்கள். வயரைச் செருகும்போது வரும் ‘டப்’ ஓசை போகும். எப்போதும் ப்ரீஆம்ப்பை முதலில் போட்டு, ஒரு நிமிடம் கழித்துப் பவர் ஆம்ப்பைப் போடுங்கள். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில்.

எட்டாம் படி: வால்வு மாற்றம்

6ஏகே5, 5654, ஈஎஃப்95, முல்லார்டின் எம்8100 ஆகிய எதுவும் நேராகப் பொருந்தும். அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரான 5654 வகைகள் பழைய இருப்பாக இன்னும் கிடைக்கின்றன. ஒலி மாறுமா என்றால் மாறும், ஆனால் மூன்றாம், ஐந்தாம் படிகள் தந்த அளவுக்கு இல்லை. வால்வை வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே: பென்சிலின் மரப்பக்கத்தால் கண்ணாடியை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணியோசை கேட்கிறதா? லேசாகக் கேட்டால் சரி. நீண்டு ஒலித்தால் அந்த வால்வு வேண்டாம்.

கேட்டு ஒப்பிடுவது

இரண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்யாதீர்கள், எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும். ஒப்பிடும் முன் 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, பழைய நிலையிலும் புதிய நிலையிலும் வெளியீடு ஒரு சதவீதத்துக்குள் ஒன்றாக இருக்கும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் ‘நல்ல ஒலி’யாகவே காதை ஏமாற்றும்.

உறுமலைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நுட்பமான கருவி தம்புரா. பெண் பாடகர்கள் பலர் வைத்துக்கொள்ளும் ஐந்து கட்டை சுருதியில் மந்தர ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸ், நம் மின்சாரத்தின் இரட்டிப்பு உறுமல் 100 ஹெர்ட்ஸ். இரண்டும் மிக அருகருகே இருப்பதால், உறுமல் சிறிதளவு மிச்சமிருந்தாலும் தம்புராவின் மீட்டில் நொடிக்கு இரண்டு முறை ஓர் அலைவு எழும். இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தம்புரா மட்டும் ஒலிக்கும் ஒரு பதிவை ஐந்து நிமிடம் கேளுங்கள். அலைவு தெரிந்தால் மூன்றாம் படிக்குத் திரும்பி வடிகட்டியின் ஈயப்பற்றையும், அடுத்ததாக எர்த் தொடும் இடத்தையும் பாருங்கள். அலைவில்லாமல் ஷட்ஜம் நேர்கோடாக நின்றால் பெட்டியின் மூடியைத் திருகி மூடிவிடலாம்.